செயப்பாட்டு வினை

பாஸ்டன் என்றால் அமெரிக்கா இல்லை.
லிங்கன்ஷயரில், பெயரை மட்டும் கடல் தாண்ட விட்டுவிட்டு
முட்டைக்கோஸோடு தங்கிவிட்ட ஊர்.
அதன் நீதிமன்றத்தில், மணிக்கு இருபத்தாறு பவுண்டுக்கு,
லாட்வியப் பேச்சை ஆங்கிலமாகவும்
ஆங்கிலத்தை லாட்வியமாகவும் ஆக்குவது என் வேலை.
எதையும் கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.
இருமினால் மட்டும் விட்டுவிடலாம்.

அன்று கூண்டில் கீத் ஸ்கிரிம்ஷா,
வயது நாற்பத்தேழு, டிராக்டர் ஓட்டுநர்.
கடன் வாங்கிய கோட்டு தோளில் பிடிக்கிறது.
முதலாளியின் காலிஃபிளவர் வயலில்,
அறுவடைக்கு ஒன்பது நாள் இருக்கையில்,
இரவு இரண்டு மணிக்குக் கலப்பையை இறக்கி
ஒரு பெண்ணின் பெயரை உழுதிருக்கிறார்.
எழுத்து ஒவ்வொன்றும் நாற்பது கஜம்.

பெயருக்கு உரியவள் என் பக்கத்தில்.
பைபா. பொட்டலம் கட்டும் கொட்டகையில் இரவு ஷிஃப்ட்.
அவரோடு பேசியது, அவள் கணக்கில், மூன்று முறை:
ஒன்று மழை பற்றி,
ஒன்று தொலைந்த கையுறை பற்றி,
ஒன்று, "வேண்டாம்."

ஏன் செய்தீர்கள் என்றார் நீதிபதி.
கட்டைவிரலைப் பார்த்தபடி ஸ்கிரிம்ஷா சொன்னார்:
"ஐ காட் கேரீட் அவே."

அவ்வளவுதான். எழுத்தர் குறித்துக்கொண்டாள்.
யாருக்கும் உறுத்தவில்லை.
எனக்குத்தான் நாக்கு நின்றது.

தூக்கிச் செல்லப்பட்டாராம்.
யாரால்?
வாக்கியத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்,
செய்தவன் பெயர் உதிரவில்லை.

எங்கள் பிளாவிஞாஸில் வசந்தம் வந்தால் ஆற்றுப் பனி உடையும்.
ஒரு வருடம் டௌகாவா
பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டைக் கூரையோடு அள்ளிப்போயிற்று,
மேலே சேவல், கூவிக்கொண்டே.
அதற்குச் சொல் இருக்கிறது எங்களிடம்.
காய்ச்சலில் பிதற்றுவதற்கு ஒன்று,
மிரண்ட குதிரை வண்டியோடு ஓடுவதற்கு ஒன்று.
ஆற்றைச் சொன்னால் மனிதர் குற்றமற்றவர்.
குதிரையைச் சொன்னால்
கடிவாளம் யார் கையில் என்று கேள்வி வரும்.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
ஆறு நொடி. நீதிமன்றத்தில் அது நீளம்.

ஆற்றையே சொன்னேன்.
"வெள்ளம் அடித்துப் போய்விட்டது என்கிறார்."

கேட்க அவளுக்கு உரிமையில்லை. பைபா கேட்டாள்:
"அந்த டிராக்டரில் ஒரே ஒரு இருக்கைதானே?"

கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் வைத்தேன்.
பின்வரிசையில் ஒருவர் சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார்.
விட்டுவிட்டேன்.
ஸ்கிரிம்ஷாவுக்குக் காது சிவந்தது.
கட்டைவிரலை விட்டு முதல் முறையாக நிமிர்ந்தார்.
"ஒன்றுதான். நான்தான் ஓட்டினேன்."
இதற்கு எனக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாயிரத்து நூறு பவுண்டு, தவணையில்.
அவள் தெருப் பக்கம் வரவே கூடாது.

விதிப்படி சாட்சியோடு நான் பேசக் கூடாது.
ஆனால் பேருந்து ஒன்றுதான்.
அது அந்த வயலோரமாகவே போகிறது.
கடலிடமிருந்து பிடுங்கிய மண், தட்டு மாதிரி;
ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடையாது.
எழுத்தென்று எதுவும் தெரியவில்லை.
கறுப்புச் சேறு, வெள்ளைத் தலைகள், நாலைந்து காக்கை.
வானத்திலிருந்துதான் படிக்க வேண்டும்.

பைபா முழங்கையால் ஜன்னலைத் துடைத்தாள்.
"இரண்டு வாரம் விளக்கை அணைக்காமல் தூங்கினேன்," என்றாள்.
பாலம் தாண்டிய பிறகு:
"பிழையில்லாமல் எழுதியிருந்தாரா?"

போலீஸ் எடுத்த படத்தில் பார்த்திருந்தேன்.
கடைசி எழுத்து பாதியில் நிற்கிறது,
சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது.
சொன்னேன்.

"ம்," என்றாள்.

என் நேரம் ஒன்றேகாலோடு முடிந்திருந்தது.
அதை நான் ஆங்கிலமாக்கவில்லை.